பூசையில் வைத்த மானுவல்

எனக்குச் சட்டதிட்டம் என்றாலே ஆகாது. என் கடைக்குள் வந்து பார்த்தால் உங்களுக்கே தெரியும். சூடம் இருக்க வேண்டிய இடத்தில் ஊதுவத்தி இருக்கும். ஊதுவத்தி இருக்க வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். புக்கிட் பெருந்துங்கில் பூசைச் சாமான் விற்கிற உடையப்பன் என்றால் பாதி ஊருக்கு என் கடையைத் தெரியும், மீதி ஊருக்கு என் வாயைத் தெரியும். அப்படிப்பட்டவனுக்குப் பக்கத்துக் கடையில் ஒரு சட்டப் புத்தகமே குடிவந்தால் எப்படி இருக்கும்?

ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்த கடை அது. ஒரு நாள் லோரியில் துணி துவைக்கிற மெஷின்களும் உலர்த்துகிற மெஷின்களுமாக வந்து இறங்கின. நடைபாதையில் ஒரு பெண் நின்று ஆள்களை விரட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், வாரிக் கட்டிய கொண்டை, காலில் தொழிற்சாலைச் சப்பாத்து. ஒரு கையால் இடம் காட்டினாள், இன்னொரு கையால் தடித்த நீலக் கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்திருந்தாள். அவள்தான் கண்மணி.

“டோபிக் கடையாம்மா?” என்று கேட்டேன்.

“ஃப்ரான்சைஸ்ணே,” என்றாள். “பேரு, மெஷினு, சோப்பு எல்லாம் கம்பெனியோடது. நடத்துறது நானு. எப்படி நடத்தணும்னு இந்த மானுவல்ல இருக்கு.”

கம்பெனியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் இலவச விளம்பரம் ஆகிவிடும். எனக்கு அவர்கள் ஒரு சோப்புத் துண்டுகூடத் தந்ததில்லை.

கண்மணி கலும்பாங் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்து வீட்டில் பிறந்தவள். அப்பா பால்மரம் சீவியவர். மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகு குலை வெட்டினார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கண்மணி ரவாங் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினாள். கணினிக்குள் வைக்கிற பலகைகளில் சின்னச் சின்னச் சாமான்களைப் பொருத்துகிற வேலை. கையும் கண்ணும் சுத்தம் என்று அந்த வரிசைக்கே அவளைத் தலைவியாக்கினார்கள். பாதி வாழ்க்கையை அங்கே கழித்தாள். அப்புறம் ஒரு நாள் அந்த வேலை முழுவதையும் வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கையில் இழப்பீடு கொடுத்து அனுப்பினார்கள். கூட வேலை செய்தவர்கள் கார் வாங்கினார்கள், நகை வாங்கினார்கள். இவள் அந்தப் பணம் முழுவதையும் இந்தக் கடையில் போட்டாள்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கடை திறப்பு விழாவுக்கு வந்த கணவன் வீட்டுப் பெரியப்பா ஒருவர், கொடுத்த கேசரியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, “போயும் போயும் ஊராரு அழுக்குத் துணியாம்மா கெடச்சுச்சு?” என்றார். கண்மணி சிரித்த முகம் மாறாமல், “தொவைக்கிறது மெஷினு பெரியப்பா. நான் மேனேஜரு,” என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே அவளைப் பிடித்துவிட்டது.

ஆனால் அந்தப் புத்தகத்தைப் பிடிக்கவில்லை. பள்ளிப் பாடப் புத்தகத்துக்குப் போடுவதுபோல அதற்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, மேலே பிளாஸ்டிக்கும் சுற்றி வைத்திருந்தாள். காலையில் கடை திறந்ததும் விளக்கைப் போடுவாள், தரையைக் கூட்டுவாள், பிறகு நின்றபடியே ஒரு பக்கம் படிப்பாள். எல்லாம் மனப்பாடம். இருந்தாலும் படிப்பாள். “ஏம்மா, தேவாரமா ஓதுற?” என்று நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கத்துவேன். பதில் வராது. படிக்கும்போது பேசக்கூடாது என்றும் அதில் எழுதியிருந்ததோ என்னவோ.

யார் உள்ளே வந்தாலும் பல் தெரியச் சிரித்து, மலாயில் ‘செலாமட் டாத்தாங்’ என்று நல்வரவு சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் கண்ணில் படும்படி சாப்பிடக் கூடாது. சுவரில் கம்பெனிப் படம் தவிர வேறு படம் மாட்டக் கூடாது. பின்னறை மட்டும் விதிவிலக்கு. மெஷினின் வெளிப்பக்கத்தில் எதையும் ஒட்டவோ பூசவோ வைக்கவோ கூடாது. கடைக்கு வெளியே எக்காரணம் கொண்டும் துணியைக் கொடி கட்டிக் காயப்போடக் கூடாது. இப்படி அதில் இல்லாததே இல்லை. பழக்க தோஷத்தில் ஒருமுறை அவள் தன் மாமனாருக்கே பல் தெரியச் சிரித்து ‘செலாமட் டாத்தாங்’ சொல்லிவிட்டாள். பாவம், மனிதர் வந்த வழியே திரும்பிப் போகப் பார்த்தார்.

அவள் கணவன் லிங்கேஸ்வரன் மணல் லோரி ஓட்டுபவன். பெரிய உடம்பு, பெரிய கை, மனசும் பெரிசு. எதைச் செய்தாலும் கொஞ்சம் கூடுதலாகச் செய்துவிடுவான். தேநீருக்குச் சீனி போடச் சொன்னால் பாயசம் வைத்துத் தருவான். பொண்டாட்டியின் புத்தகத்தைப் பார்த்து அவனும் கேலி செய்வான். ஆனால் கடைக்குள் வரும்போது செருப்பைத் துடைத்துவிட்டுத்தான் வருவான். அதுவும் மானுவலில் உண்டு.

ஒரு நாள் நான் என் கடைத் துண்டை எங்கள் இருவர் கடைக்கும் நடுவிலுள்ள தூணில் காயப்போட்டேன். கண்மணி வந்து அதை எடுத்து மடித்து என் கையில் கொடுத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “பாதி ஆயுசு பேக்டரில சட்டத்துக்குக் கட்டுப்பட்டது போதாதா உனக்கு? கைக்காசு போட்டு சட்டத்தை வெலைக்கு வாங்கியிருக்கியே!” என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. என் கடை முக்காலியில் உட்கார்ந்தாள்.

“தோட்டத்துல எங்கப்பாவுக்கு, ஆள மேய்க்கிற மண்டோர் வாயிதாண்ணே சட்டம். அவரு வீட்ல சண்டைன்னா அன்னைக்கு எங்கப்பாவுக்குத் திட்டு. பேக்டரில சூப்பர்வைசரு. காலைல அவரே ஒன்னு சொல்வாரு, மத்தியானம் வந்து ‘யாரு சொன்னா ஒனக்கு?’ன்னு எல்லாரு முன்னாலயும் கத்துவாரு. இந்த புக்கு கத்தாதுலா. நேத்து சொன்னதத்தான் இன்னைக்கும் சொல்லும். எனக்குச் சொல்றதத்தான் கிள்ளான்ல இருக்கிற இதே கம்பெனி கடைக்காரருக்கும் சொல்லும். அதான் எனக்கு நிம்மதியா இருக்கு.”

மடித்த துண்டை என் தோளில் போட்டுக்கொண்டேன். நிம்மதி என்று அவள் சொன்னது பொய்யில்லை. அவள் கடையில் அந்த நிம்மதி கண்ணுக்கே தெரியும். மெஷின்கள் தாளம் தப்பாமல் ஓடும், சோப்பு மணக்கும், மழைக்காலத்தில் ஈரத் துணியோடு வருகிற குடும்பங்கள் சண்டை போடாமல் உட்கார்ந்திருக்கும். தொழிற்சாலைப் பையன்கள், பிள்ளைக்காரிகள், பக்கத்து மலாய்ப் பள்ளியில் பாடம் நடத்துகிற சிக்கு ரோஹானா என்று எல்லா இனமும் வரும். மலாயில் ஆசிரியரை சிக்கு என்பார்கள். அந்த அம்மாவைத் தெருவே அப்படித்தான் கூப்பிடும்.

இப்படியே ஒப்பந்தக் காலம் முடிகிற நேரம் வந்தது. கம்பெனியிலிருந்து ஆள் வந்து கடையைப் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். வாடிக்கையாளர் யாராவது புகார் எழுதிக் கொடுத்து அது தீராமல் கிடந்தால் கதை முடிந்தது. கடையை வேறு ஆளுக்குக் கைமாற்றிவிடுவார்கள். ரவாங்கில் ஒரு புள்ளி இந்தக் கடைக்காகவே காத்துக்கொண்டிருக்கிறார் என்று பேச்சு. பார்க்க வருகிற நாள் விஜயதசமி, வியாழக்கிழமை காலை. முதல் நாள் புதன் சரஸ்வதி பூசை.

செவ்வாய்க்கிழமை பூசைச் சாமான் வாங்க வந்தவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அண்ணே, மானுவல பூசைல வைக்கலாமா?”

“தொழில் சொல்லிக் கொடுத்த புஸ்தகம்தானே? வை. ஆனா வெச்சா மறுநாள் பூசை முடியறவரைக்கும் தொடக்கூடாது. ஒன்னால அது இல்லாம ஒரு பொழுது இருக்க முடியுமா?”

“ஒரு நாளுதான,” என்றாள். ஆனால் முகத்தில் கொஞ்சம் கவலை இருந்தது.

புதன் காலை அவள் கடைப் பின்னறையில் பூசை. சரஸ்வதி படத்துக்கு முன்னால் மானுவல், அதன்மேல் லிங்கேஸ்வரனின் லோரிக்கு உள்ள மாற்றுச் சாவி, மேலே கதம்பம். ஆயுத பூசை என்றால் தொழில் செய்கிற கருவிக்கெல்லாம் பொட்டு வைக்க வேண்டுமே. கண்மணி மஞ்சள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதல் மெஷினுக்கு முன்னால் யோசித்தபடி நின்றாள். வெளிப்பக்கத்தில் எதையும் பூசக் கூடாது என்பது விதி. பொட்டு வைக்காமல் விடுவதும் அவளால் ஆகாது. கடைசியில் மெஷின் கதவைத் திறந்தாள். உள்ளே ஓரத்தில் கறுப்பாக ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதில் ஒரு பொட்டு வைத்தாள்.

“வெளிய கூடாதுன்னுதான் போட்டிருக்கு. உள்ள கூடாதுன்னு எங்கயும் இல்லலா,” என்றாள் பெருமையாக. “குங்குமம் சாயம் விடும். அதான் மஞ்சள் மட்டும்.”

நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. மஞ்சள் என் கடை மஞ்சள்தான். ஆனால் பொட்டு வைத்தது நானில்லை, அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

அவள் சுண்டல் எடுக்கப் போன நேரத்தில் லிங்கேஸ்வரன் வந்தான். லோரிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, முன்கண்ணாடிக்கு மாலை போட்டுவிட்டு வந்த உற்சாகம். மெஷின் கதவைத் திறந்து பார்த்தான். சோறு போடுகிற மெஷினுக்கு இத்துனூண்டு பொட்டா என்று அவனுக்கு மனசு ஆறவில்லை. கிண்ணத்தில் மிச்சமிருந்த மஞ்சளை வழித்து ஒரு மெஷினின் ரப்பரைச் சுற்றி நிலைப்படிக்குப் பூசுவதுபோலப் பூசிவிட்டான். கதவையும் சாத்திவிட்டான்.

பூசை முடிந்து கடை திறந்ததும் சிக்கு ரோஹானா ஒரு பெரிய பையோடு வந்தார். பள்ளித் தொழுகை அறையில் பெண்கள் உடுத்திக்கொள்கிற வெள்ளை உடைகள். தெலெகோங் என்பார்கள், தலையிலிருந்து கால்வரை மூடுகிற தூய வெள்ளை. வியாழன் மாலை பள்ளியில் தொழுகைக் கூட்டம் இருக்கிறதாம், அதற்கு வேண்டுமாம். கண்மணி பையை வாங்கி, பேச்சுவாக்கில் உள்ளே பார்க்காமலே லிங்கேஸ்வரன் சிறப்பித்த அதே மெஷினில் போட்டாள். மற்ற நாளாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் ரப்பரை ஒரு துணியால் துடைத்துவிட்டுத்தான் போடுவாள். அன்றைக்கு வைத்த பொட்டை அன்றைக்கே யாராவது துடைப்பார்களா?

“அண்ணே!” என்று அவள் போட்ட சத்தத்தில் நான் கட்டிக்கொண்டிருந்த மாலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

மஞ்சளோடு சோப்பு சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆரத்தி கரைத்தவர்களுக்குத் தெரியும். வெள்ளைத் துணிகளில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க எதுவும் தப்பவில்லை. கண்மணி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

லிங்கேஸ்வரன் வந்து பார்த்தான். “நாந்தான் நெறைய வெச்சுட்டேன்,” என்றான். அவ்வளவு பெரிய ஆள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

“சரி, மானுவல எடு. என்ன செய்யணும்னு பாரு. சரஸ்வதி ஒன்னும் கோவிச்சுக்க மாட்டா,” என்றேன்.

“பூசைல வெச்சத எடுக்கக் கூடாதுண்ணே.” எழுந்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எதுக்கு எடுக்கணும்? எனக்கு மனப்பாடமாத் தெரியும். நம்ம தப்புல துணி கெட்டுப்போச்சுன்னா மொதல்ல நாமளே போயிச் சொல்லணும். அப்புறந்தான் மத்ததெல்லாம். மானுவல்லயே இருக்கு.”

எனக்குப் பதறியது. இன்றைக்குப் போய்ச் சொன்னால் அந்த அம்மா இன்றைக்கே புகார் எழுதுவார். நாளைக் காலை கம்பெனி ஆள் வரும்போது புகார் மேசைமேல் இருக்கும். பாதி ஆயுசு உழைத்த பணம் போட்ட கடை போய்விடும். நான் விவரமானவன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு உண்டு. ஆகவே யோசனை சொன்னேன்.

“அவங்க நாளைக்குச் சாயங்காலந்தான வருவாங்க? கம்பெனி ஆளு காலைல வந்து பாத்துட்டுப் போயிரும். அதுக்கப்புறம் சொல்லிக்கலாம்லா. நடுவுல கறையும் போனாப் போகும்.”

கண்மணி என்னை நிமிர்ந்து பார்த்தாள். “மானுவல்ல அப்படி இல்லண்ணே,” என்றாள்.

கறைபட்ட துணி ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு மணல் லோரியில் ஏறினாள். நானும் கடையைப் பூட்டிவிட்டு ஏறிக்கொண்டேன். சட்டமில்லாத கடையில் இது ஒரு வசதி. மாலை போட்ட லோரியில் மூன்று பேரும் சிக்கு ரோஹானா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வாசலிலேயே நின்று கண்மணி மலாயில் எல்லாவற்றையும் சொன்னாள். இன்றைக்கு எங்களுக்குப் பூசை, மெஷினுக்கு மஞ்சள் வைப்பது எங்கள் வழக்கம், வைத்த இடம் தப்பு, தப்பு என்னுடையது. கணவன் பூசினான் என்று சொல்லவே இல்லை. பின்னால் நின்ற லிங்கேஸ்வரன் வாயைத் திறக்கப் போனான்; அவள் முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

சிக்கு துணியை வாங்கி விரித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. “இது என் துணியில்லை, பள்ளித் துணி,” என்றார். “எனக்கே என்றால் பரவாயில்லை என்று சொல்லிவிடுவேன். நாளை மாலைக்குள் வெள்ளையாக வந்தால் நான் எதுவும் எழுத மாட்டேன். வராவிட்டால் எழுதத்தான் வேண்டும், கண்மணி. மன்னித்துக்கொள்.” நியாயமான பேச்சு. அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மஞ்சள் கறையை என்ன செய்வது என்று தைப்பூசத்துக்கு மஞ்சள் உடுத்துகிற எந்த வீட்டிலும் தெரியும். முதலில் எலுமிச்சை. பூசைக்கு வாங்கி வைத்திருந்த பழம் அத்தனையையும் என் கடையிலிருந்து அள்ளிக்கொண்டு போய்ப் பிழிந்தோம். சிவப்பு இறங்கி வெறும் மஞ்சள் ஆனது. அடுத்தது வெயில். நல்ல வெயில் பட்டால் மஞ்சள் தானாகப் பறந்துவிடும். ஆனால் வெயிலுக்கு எங்கே போவது? இந்த மாதங்களில் மத்தியானம் தாண்டினால் மழைதான். அன்றைக்கும் கொட்டியது.

வியாழன் காலை வானம் சுத்தமாக இருந்தது. எங்கள் கடை வரிசை கிழக்குப் பார்த்தது. பின்சந்தில் உச்சிவேளைவரை நிழல்தான். வெயில் வேண்டுமென்றால் கடை வாசலில்தான் கொடி கட்ட வேண்டும். கண்மணி கையில் கயிற்றோடு வாசலில் நின்றாள். எக்காரணம் கொண்டும் என்று எழுதியிருந்த விதி எனக்கே ஞாபகம் வந்தது என்றால் அவளுக்கு வராமல் இருக்குமா? அதோடு இன்றைக்குப் பார்த்துத்தானா கம்பெனி ஆள் வர வேண்டும்?

“வந்து போனப்புறம் கட்டலாம்மா,” என்றேன்.

“அவங்க போறதுக்குள்ள வெயிலும் போயிரும்ணே. சிக்குக்கு வாக்குக் கொடுத்துட்டேன்.”

கயிற்றின் ஒரு முனையை அவள் கடைத் தூணில் கட்டினாள். மறு முனையை எங்கள் நடுத்தூணில் கட்டினாள்; என் துண்டை எடுத்து மடித்துக் கொடுத்தாளே, அதே தூண். லிங்கேஸ்வரனும் நானும் ஒவ்வொரு துணியாக விரித்துப் போட்டோம். எதிரே நூடுல்ஸ் விற்கிற மீ கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார்கள். உள்ளே உலர்த்துகிற மெஷின் வரிசையாக நிற்கிறது, வாசலில் கொடி கட்டித் துணி காய்கிறது. நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன்.

விஜயதசமி பூசைக்குச் சூடம் ஏற்றப் போகும்போது கார் வந்து நின்றது. இறங்கியது ஒரு சின்னப் பெண். ஷாமளா என்று பெயர், கம்பெனியின் கிள்ளான் அலுவலகத்திலிருந்து வருகிறாள். கையில் வெறும் தாளும் பேனாவும். கொடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கண்மணி வெளியே வந்து, பல் தெரியச் சிரித்து, ‘செலாமட் டாத்தாங்’ என்றாள். பிறகு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். ரப்பர், மஞ்சள், சிக்கு வீடு, எலுமிச்சை, கொடி எல்லாம். இந்தத் தடவையும் லிங்கேஸ்வரன் பெயர் வரவில்லை. அவனே முன்னால் வந்து, “நெறையப் பூசுனது நாந்தாங்கம்மா,” என்றான்.

ஷாமளா சிரிக்கவில்லை. “அக்கா, ஸ்டெயின் வந்தா என்ன செய்யணும்னு மானுவல்ல பாத்தீங்களா?”

“மானுவல் பூசைல இருக்கு.”

போச்சு என்று நினைத்தேன். அந்தப் பெண் கையிலிருந்த தாளைத் தூக்கிக் காட்டினாள்.

“என் லேப்டாப்பும் பூசைலதான் இருக்கு. வெள்ளனயே கெளம்பணும்னு சொன்னேன். பூசை முடியாமத் தொடக்கூடாதுன்னு எங்கம்மா விடவே இல்ல. அதான் பேப்பரத் தூக்கிட்டு வந்திருக்கேன்.” அப்போதுதான் சிரித்தாள். “வாங்கக்கா, மொதல்ல பூசைய முடிங்க. அப்புறம் பாப்போம்.”

நான் சூடம் காட்டினேன். கண்மணி பூவை விலக்கி, மானுவலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்தாள். கறை பற்றிய பகுதியைப் புரட்டினாள். விரல் வரிகளின்மேல் ஓடியது. ஒருமுறை படித்தாள், முன்னால் ஒரு பக்கம் போனாள், பின்னால் ஒரு பக்கம் வந்தாள்.

“இருந்துச்சே,” என்றாள்.

“என்னக்கா?”

“மொதல்ல நாமளே போயிச் சொல்லணும்னு.”

ஷாமளா எட்டிப் பார்த்தாள். “அப்படி எங்கயும் இல்லக்கா. கஸ்டமர் கேட்டா ஃபார்ம் கொடுக்கணும், கம்பெனி முடிவு பண்றவரைக்கும் தப்ப ஒத்துக்கக் கூடாது. இவ்வளவுதான் இருக்கு.”

கண்மணியின் முகத்தில் ரத்தமே இல்லை. காலையில் கடை திறந்ததும் படிக்கிற புத்தகம். வரி வரியாகத் தெரியும் என்று நினைத்த புத்தகம். அதில் இல்லாத ஒன்றை அதில் இருக்கிறது என்று நம்பிக் கடையையே பணயம் வைத்திருக்கிறாள். கொடி கட்டியது ஒரு விதிமீறல் என்றால் இது அதைவிடப் பெரிசு.

லிங்கேஸ்வரனுக்கு மட்டும் புரியவில்லை. வெள்ளை மனசோடு கேட்டான். “அப்ப யாரு சொன்னா ஒனக்கு?”

கண்மணி சட்டென்று நிமிர்ந்தாள். அந்தக் கேள்வியை அவள் எங்கே எத்தனை முறை கேட்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. தலை குனிவாளோ என்று பார்த்தேன். அவள் புத்தகத்தை மூடினாள்.

“யாரும் சொல்லல,” என்றாள். “நாந்தான்.”

ஷாமளா அதைத் தாளில் எழுதிக்கொண்டாள். வாசலில் கொடி கட்டியதற்கு ஒரு கறுப்புப் புள்ளி போட்டாள்; நான் சண்டைக்குப் போனேன், கண்மணி என்னை அடக்கினாள். “விதி விதிதாண்ணே.” அப்புறம் மெஷின்களை எல்லாம் பார்த்தாள், பின்னறையைப் பார்த்தாள். இடையிடையே வாசலுக்கு வந்து துணியைத் தொட்டுப் பார்த்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. மஞ்சள் எலுமிச்சை நிறமாகி, பிறகு பாலேடு போலாகி, உச்சிவேளைக்குள் எங்கே இருந்தது என்று தேட வேண்டியதாயிற்று. துணிகளை உள்ளே எடுத்தோம். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

மறுபடி துவைத்து, உலர்த்தி, மடித்து வைத்த துணிகளைச் சிக்கு ரோஹானா மாலையில் வந்து வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். பையில் வைத்தார். “இனிமேல் பள்ளித் துணி எல்லாம் இங்கேதான்,” என்றார். கண்மணி ஷாமளாவுக்குத் தொலைபேசியில் ஒரே வரி சொன்னாள்: புகார் இல்லை. வைத்துவிட்டு அப்போது அழுதாள். லிங்கேஸ்வரன் தேநீர் போட்டுக் கொண்டுவந்தான். பாயசம் மாதிரிதான் இருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தோம்.

தீபாவளி கழிந்து ஒரு நாள் கம்பெனியிலிருந்து தடித்த உறை வந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருந்தார்கள். கூடவே மானுவலில் சேர்க்கச் சொல்லி ஒரு புதுப் பக்கம். கண்மணி அதை எடுத்துக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தாள். லிங்கேஸ்வரனும் அங்கேதான் இருந்தான். ஆங்கிலத்தில் இருந்ததை எங்களுக்குத் தமிழில் சொன்னாள். பண்டிகை நாளில் மெஷின் கதவின் வெளிப்பக்கம் சின்னதாக ஒரு பொட்டு வைத்துக்கொள்ளலாம், மறுநாள் துடைத்துவிட வேண்டும், உள்ளே எதையும் பூசக் கூடாது. லிங்கேஸ்வரன் தலையைச் சொறிந்தான். அதற்குக் கீழே இன்னொன்று. அங்கே வந்ததும் அவள் குரல் மெதுவாகிவிட்டது.

‘கடையின் தவறால் துணி கெட்டுவிட்டால், வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில் நீங்களே போய் அவரிடம் சொல்லுங்கள்.’

யார் பெயரும் போடவில்லை. புத்தகத்தில் யாருக்கும் பெயர் கிடையாது.

“இனிமே கிள்ளான் கடைக்காரனும் இதத்தான் செய்யணுமா?” என்று லிங்கேஸ்வரன் கேட்டான்.

“ஆமாங்க. எல்லாக் கடையும்.”

எனக்கு அவள் அப்பா ஞாபகம் வந்தார். நான் பார்த்ததே இல்லாத மனிதர். மண்டோர் வீட்டுச் சண்டைக்கெல்லாம் திட்டு வாங்கியவரின் மகள் சொன்ன வார்த்தைக்கு இன்றைக்கு இத்தனை கடைகள் கட்டுப்பட வேண்டும். அதைச் சொல்லி அவளைப் பாராட்டத்தான் நினைத்தேன். வாய் வழக்கம்போலக் கோணலாகத்தான் போனது.

“நீயும் சட்டம் போட ஆரம்பிச்சுட்டியா? இனி எங்க பொழப்பு அவ்வளவுதான்.”

கண்மணி சிரித்தாள். கண் நிறைந்திருந்தது. அந்தத் தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“ஆனா நான் கத்தவே இல்லண்ணே,” என்றாள்.